ஏழு முறை வந்த முதல் இதழ்: சூப்பர்ஹீரோ காமிக்ஸுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு விளக்கம்

போன சித்திரையில் காரைக்குடிக்குப் போயிருந்தேன். மத்தியான வெயிலுக்குப் பயந்து அக்கா வீட்டு ஆத்தங்குடிக் கல் தரையில் வெறும் முதுகோடு படுத்திருந்தபோது, அக்கா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, சின்ன வயசுல நீங்க காமிக்ஸா படிச்சுத் தள்ளுவீங்களாமே. ஸ்பைடர்மேனை எதுலேருந்து ஆரம்பிக்கணும்?"

"இதென்னடா கேள்வி, ஒண்ணாம் நம்பர்லேருந்துதான்."

போனைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "எந்த ஒண்ணு?"

'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' இதழின் அட்டையில் 1963இல் எண் 1 என்று போட்டார்கள். 1999இல் திரும்பவும் 1. அப்புறம் 2014, 2015, 2018, 2022, 2025. ஆக மொத்தம் ஏழு முதல் இதழ்கள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

இந்த அடியை நான் ஏற்கெனவே ஒரு முறை வாங்கியவன்தான். இருபத்தைந்து வருஷம் காமிக்ஸ் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, ஆசையாக ஒரு கடையில் தடியான புத்தகம் ஒன்றை வாங்கினேன். முதுகில் பெரிதாக 1 என்று போட்டிருந்தது. முதல் பக்கத்திலேயே கதாநாயகன் ஒரு கல்லறை முன்னால் நின்று அழுகிறான். யார் செத்தது என்று தெரியவில்லை. நாலு பக்கம் தள்ளி செத்தவரே நடந்து வருகிறார். அதற்கும் யாரும் ஆச்சரியப்படவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

என்னைப் போலப் பாதியில் விட்டவர்கள் இதற்கு இரண்டு விதமாகக் காரணம் சொல்வார்கள். "எண்பது வருஷக் கதையையும் படித்தால்தான் புரியும், நம்மால் ஆகாது" என்பது ஒன்று. "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஆரம்பித்துவிட்டார்கள், நாம் படித்ததெல்லாம் செல்லாது" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. ரீபூட், ரெட்கான், மல்டிவர்ஸ் என்ற சொற்களை எல்லோரும் எதற்கும் எதையும் போட்டுப் பேசுவதால் வந்த குழப்பம் இது. ஒவ்வொன்றும் வேறு வேலை.

கடை ஒன்று, ஏஜெண்டு பலர்

என் அப்பா காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் கணக்கப்பிள்ளை. வீட்டுக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு அது. சனிக்கிழமைகளில் அப்பா கணக்குப் பார்க்கப் போகும்போது நானும் கூடப் போவேன். அவர் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க எனக்கு முகப்புத் திண்ணையும் ஒரு கட்டு காமிக்ஸும்தான். இரண்டாம் கட்டில் ஓர் அறை நிறைய பர்மா காலத்துப் பேரேடுகள் அடுக்கியிருக்கும். கரையான் போக மிச்சம்.

அந்தப் பேரேடுகளைப் பற்றி அப்பா சொன்னது இப்போது உதவுகிறது. ரங்கூனிலும் மலாயாவிலும் இருந்த வட்டிக்கடைகளில் முதலாளி போய் உட்கார்ந்திருக்க மாட்டார். ஊரிலிருந்து ஏஜெண்டை அனுப்புவார். பெரும்பாலும் மூன்று வருஷத் தவணை. தவணை முடிந்ததும் அவர் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார், அடுத்தவர் வந்து உட்காருவார். புதிதாக வந்தவர் ஐம்பது வருஷத்துப் பேரேட்டையும் படித்துக்கொண்டிருந்தால் கடையை யார் நடத்துவது? ஐந்தொகையைப் பார்ப்பார். யாரிடம் வர வேண்டும், யாருக்குத் தர வேண்டும், கையிருப்பு எவ்வளவு. அவ்வளவுதான். புதுப் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, முன்பாக்கியை எழுதி, தன் காரியத்தை ஆரம்பிப்பார்.

சூப்பர்ஹீரோ காமிக்ஸும் இப்படி நடக்கும் கடைதான். ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய சூப்பர்மேன் 1938இல் வெளியானார். அவர்களிடமிருந்து அதன் உரிமையைக் கம்பெனி 130 டாலருக்கு எழுதி வாங்கிக்கொண்டது. நூற்று முப்பது. அந்த அநியாயத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நமக்கு இங்கே வேண்டியது அதன் விளைவு. கதாபாத்திரம் எழுத்தாளருடையது இல்லை, கம்பெனியுடையது. எழுத்தாளர் ஓய்வு பெறலாம், சண்டை போட்டுக்கொண்டு போகலாம், சாகலாம். கடை மூடாது. நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு என்றைக்காவது ஒரு நாள் 'முற்றும்' உண்டு. சூப்பர்மேனுக்கு அது கிடையாது.

ஓர் எழுத்தாளர் ஒரு கதாபாத்திரத்தைத் தொடர்ந்து எழுதும் காலத்துக்கு ரன் என்று பெயர். ஏஜெண்டின் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு ஆறு மாதத்தில் முடியும். கிறிஸ் கிளேர்மான்ட் எக்ஸ்மென்னை 1975இலிருந்து 1991 வரை விடாமல் எழுதினார். ஒவ்வொரு ரன்னுக்கும் தனி ருசி, தனி ஆரம்பம், பெரும்பாலும் தனி முடிவு.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: கதாபாத்திரம் கடை, எழுத்தாளர் ஏஜெண்டு, ரன் என்பது அவர் தவணை. நாம் படிக்கப்போவது கடையின் முழு வரலாற்றை அல்ல, ஒருவருடைய தவணையை.

பேரேடு எப்போது கனத்தது

முன்னால் நடந்ததெல்லாம் பின்னால் வரும் கதையிலும் செல்லும் என்ற ஏற்பாட்டுக்குத் தொடர்ச்சி என்று பெயர். ஆங்கில வாசகர்கள் கன்டினியுட்டி என்பார்கள்.

ஆரம்பத்தில் இதைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. 1940களின் சூப்பர்மேன் கதை ஒவ்வொன்றும் தனித்தனி. படிக்கிற பையன் நாலைந்து வருஷத்தில் வளர்ந்து விட்டுவிடுவான், அடுத்த பையன் வருவான் என்பது கணக்கு. 1961இல் மார்வெல் கம்பெனியில் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கர்பியும் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழை ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. ஒருவர் கதையில் இன்னொருவர் வந்து போனார். போன மாதம் பட்ட காயம் இந்த மாதமும் வலித்தது. கட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் குறிப்பு, 'இது நடந்தது இத்தனையாம் இதழில்' என்று. பேரேட்டில் 'பக்கம் 112 பார்க்க' என்று எழுதுவதைப் போல.

அப்புறம் விற்கும் முறையும் மாறியது. பெட்டிக்கடையில் விற்காத இதழைத் திருப்பி அனுப்பலாம். 1970களில் அமெரிக்காவில் காமிக்ஸுக்கென்றே கடைகள் முளைத்தன. அவர்களுக்குக் கழிவு அதிகம், ஆனால் விற்காதது கடைக்காரர் தலையில். அப்படிப்பட்ட கடைக்குப் பேருந்துக்குக் காத்திருக்கிற பையன் வரமாட்டான். ஒரு மாதம் கூட விடாமல் வாங்குகிற வாடிக்கையாளர்தான் வருவார். அவருக்குப் பழசெல்லாம் மனப்பாடம். அவருக்காகவே எழுத ஆரம்பித்தார்கள், பேரேடு கனத்துக்கொண்டே போனது. நாம் வெளியே நின்றுவிட்டோம்.

வயது ஏறாத ஆட்கள்

1962இல் பீட்டர் பார்க்கரை, அதாவது ஸ்பைடர்மேனை, சிலந்தி கடித்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். நியாயமாகப் பார்த்தால் இன்றைக்குப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு மார்வெல் கண்டுபிடித்த வழி நகரும் காலம். எல்லாம் ஆரம்பித்தது எப்போது என்று கேட்டால் 1961 என்று பதில் வராது. 'இன்றிலிருந்து பத்துப் பதினைந்து வருஷம் முன்னால்' என்பதுதான் பதில். இன்று நகர நகர அந்த ஆரம்பமும் கூடவே நகரும்.

அயர்ன்மேனைப் பாருங்கள். 1963இல் எழுதியபடி அவர் காயம்பட்டது வியட்நாமில். அந்தப் போரையே இன்று வைத்திருந்தால் டோனி ஸ்டார்க் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அதனால் போரை மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2008இல் வந்த சினிமாவில் ஆப்கானிஸ்தான். 2019இல் காமிக்ஸில் சியான்காங் என்ற இல்லாத ஒரு நாட்டில் எந்தக் காலத்துக்கும் பொருந்தும் ஒரு போரை நடத்திவிட்டார்கள். இது எனக்குப் பிடித்த தந்திரம். வாரிசு யாரென்றே தெரியாத சொத்தின் பேரில் பற்று எழுதிய மாதிரி.

பின்திருத்தம்: கேப்டன் அமெரிக்கா கணக்கு

இனி ரெட்கான். ஏற்கெனவே அச்சாகிவிட்ட கதைக்குப் பின்னாளில் புதுப் பொருள் சொல்லித் திருத்துவது ரெட்கான். நாம் பின்திருத்தம் என்போம். பழைய பக்கத்தைக் கிழிப்பதில்லை. பக்கத்தில் ஒரு புது வரி எழுதுவார்கள், அந்த வரியால் பழைய வரியின் அர்த்தமே மாறிவிடும்.

இதை விளங்கிக்கொள்ள ஒரே ஓர் ஆளின் கணக்கை வரிவரியாகப் பார்த்தால் போதும்.

கேப்டன் அமெரிக்கா 1941இல் வந்தவர். ஹிட்லரைக் குத்துவதே தொழில். பக்கி என்ற சிறுவன் துணை. போர் முடிந்த பிறகும் 1940களின் கடைசி வரை கதைகள் வந்தன. 1950களின் நடுவில் மறுபடி கொஞ்ச நாள், இந்த முறை கம்யூனிஸ்டுகளைப் பிடிப்பவராக. பிறகு நின்றது.

1964இல் 'அவெஞ்சர்ஸ்' நாலாம் இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1945இல் ஒரு வெடிவிபத்தில் பக்கி செத்துப்போனான், கேப்டன் கடலில் விழுந்து பனிக்கட்டியில் உறைந்தார், இத்தனை வருஷமும் தூக்கம் என்று கதை. அருமையான கதைதான். ஆனால் கணக்கு இடிக்கிறது. 1945இலேயே உறைந்துவிட்டவர் 1954இல் எப்படிக் கம்யூனிஸ்டுகளைப் பிடித்தார்?

அப்பா இருந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார். எட்டு வருஷம் யாரும் சுழிக்கவில்லை. 1972இல் ஸ்டீவ் எங்கல்ஹார்ட் என்ற எழுத்தாளர் அதைக் கையில் எடுத்தார். 1950களில் வந்தவர் வேறு ஆள், கேப்டன் மேல் இருந்த வெறியில் அவரைப் போலவே தன்னை மாற்றிக்கொண்டவர், மருந்து தப்பாகிப் புத்தி பிறழ்ந்து, கண்ட இடத்திலெல்லாம் எதிரியைப் பார்த்தவர் என்று எழுதினார். ஓர் இடித்த கணக்கு நேரானது மட்டுமில்லை. அந்த 1950களின் சந்தேக வெறியைப் பற்றியே ஒரு கருத்தும் அதில் வந்து உட்கார்ந்தது. நல்ல பின்திருத்தம் என்றால் இது.

அடுத்தது பக்கி. காமிக்ஸில் யார் வேண்டுமானாலும் உயிர்த்தெழலாம், பக்கியைத் தவிர என்று வாசகர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. 2005இல் எட் புரூபேக்கர் என்ற எழுத்தாளர் அதையும் திருத்தினார். பக்கி சாகவில்லை, ஒரு கையை இழந்த நிலையில் சோவியத் ஆட்கள் எடுத்துப்போய் நினைவை அழித்துக் கொலையாளியாக வளர்த்தார்கள் என்று. சினிமாவில் வின்டர் சோல்ஜராக நீங்கள் பார்த்தவர் இவர்தான்.

கேப்டன் பனியில் தூங்கிய காலத்தையும் கவனியுங்கள். 1964இல் எழுதியபோது இருபது வருஷத்துக்கும் குறைவு. நகரும் காலத்தின் விதிப்படி அவர் கண் விழித்த நாள் இன்றை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது, உறைந்த நாளோ 1945இலேயே நிற்கிறது. அதனால் தூக்கம் மட்டும் வருஷா வருஷம் நீள்கிறது.

எல்லாப் பின்திருத்தமும் இவ்வளவு அழகாக அமைவதில்லை. 1987இல் பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம் ஆனது. இருபது வருஷம் கழித்து, சாகக் கிடக்கும் பெரியம்மா மேயைக் காப்பாற்ற மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் அந்தக் கல்யாணத்தையே ஈடு வைத்து, அது நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். நாயகன் குடும்பஸ்தன் ஆனால் கதைக்கு வயதாகிவிடும் என்ற பயம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சுருக்கிச் சொன்னால், நகரும் காலம் தேதியைத் தள்ளும். பின்திருத்தம் நடந்ததற்குப் புது விளக்கம் எழுதும். இரண்டிலும் பழைய பேரேடு அலமாரியிலேயே இருக்கும்.

ஒரே பெயர், வேறு விலாசம்

நகரத்தார் வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். பேரன் என்ற சொல்லே பெயரன்தான் என்பார்கள். அதனால் ஒரே ஊரில் பத்துச் சிதம்பரம் இருப்பார்கள். பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் எழுத்துகள், விலாசம் என்பார்களே, அதை வைத்துத்தான் எந்த வீட்டுச் சிதம்பரம் என்று கண்டுபிடிக்க வேண்டும். விலாசத்தை விட்டுவிட்டுப் பற்று எழுதினால் அப்பா பேனாவைப் பிடுங்கிவிடுவார்.

சூப்பர்மேனை வெளியிடும் டிசி கம்பெனிக்கு இதே சிக்கல், மின்னல் வேகத்தில் ஓடும் ஃபிளாஷ் என்ற நாயகன் விஷயத்தில் வந்தது. 1940இல் வந்த முதல் ஃபிளாஷ், ஜே காரிக். தலையில் தகரத் தொப்பி. பத்து வருஷம் ஓடிவிட்டு நின்றுவிட்டார். 1956இல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு புது ஆளைப் போட்டார்கள், பாரி ஆலன். வேடிக்கை என்னவென்றால், முதல் கதையிலேயே பாரி உட்கார்ந்து ஜே காரிக்கின் காமிக்ஸைப் படித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துத்தான் தனக்கு ஃபிளாஷ் என்று பெயர் வைத்துக்கொள்வார். அதாவது பாரியின் உலகத்தில் ஜே வெறும் கற்பனைப் பாத்திரம்.

1961இல் எழுத்தாளர் கார்ட்னர் ஃபாக்ஸ் இருவரையும் நேருக்கு நேர் சந்திக்க வைத்தார். எப்படி? ஜே இருப்பது வேறொரு பூமி. பாரியின் பூமியில் அந்தக் கதைகளை எழுதியவருக்கு அதெல்லாம் கனவில் வந்தது. ஒரே ஊர் போல இருக்கும், ஆனால் வேறு ஊர். ஒரே பெயர், வேறு விலாசம். ஒரே கம்பெனிக் கதைகளில் இப்படி ஒன்றுக்கொன்று பக்கத்தில் பல உலகங்கள் இருப்பதற்குத்தான் மல்டிவர்ஸ் என்று பெயர்.

இதைக் கேட்டு நாம் மிரளவே கூடாது. 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிற ஊர் காரைக்குடி. வால்மீகியில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிப் போகிறான். கம்பனில் பர்ணசாலையோடு தரையைப் பெயர்த்துத் தூக்குகிறான். மணிமண்டபத்தில் இரண்டையும் ஒப்பிட்டு மணிக்கணக்கில் பேசுவார்கள், கேட்போம். "இதில் எது நிஜமாக நடந்தது, எது ரத்து?" என்று எழுந்து கேட்டவரை நான் பார்த்ததில்லை. சினிமாவும் இப்படித்தான். திரையில் வருகிற அவெஞ்சர்ஸுக்கும் காமிக்ஸுக்கும் விலாசம் வேறு. ஒன்றைப் பார்த்ததால் மற்றதில் கடன் எதுவும் ஏறாது.

சுண்ணாம்பு அடிப்பதும் வீட்டை இடிப்பதும்

இப்போது ஏழு முதல் இதழ்களுக்கு வருவோம். அதிகம் குழப்புகிற இரண்டு சொற்கள் இவை: ரீலாஞ்ச், ரீபூட்.

ரீலாஞ்ச் என்றால் இதழின் எண்ணை மட்டும் 1க்குத் திருப்புவது. கதை விட்ட இடத்திலிருந்தே தொடரும். வீட்டுக்கு வெள்ளையடித்து வாசலில் கோலம் போடுவது மாதிரி. உள்ளே அதே தூண், அதே ஆட்கள், அதே சண்டை. காரணம் வியாபாரம். 1 என்று போட்ட இதழைக் கடைகள் கூடுதலாக வாங்கும், வாசகரும் எட்டிப் பார்ப்பார். ஸ்பைடர்மேனின் இரண்டாவது முதல் இதழிலிருந்து ஏழாவது வரை எல்லாமே இந்த வகைதான். 1962இல் சிலந்தி கடித்த அதே பீட்டர்தான் 2025இலும். 2003இல் பழைய எண்ணிக்கையை எல்லாம் கூட்டி 500 என்று ஒரு இதழ் போட்டுக் கொண்டாடவும் செய்தார்கள். விசேஷத்துக்கு மட்டும் பழைய கணக்கு நினைவுக்கு வரும்.

ரீபூட் அப்படியில்லை. முன்னால் நடந்தது செல்லாது என்று சொல்லிக் கதையை முதலிலிருந்து தொடங்குவது. டிசி இதை 1985இல் செய்தது. பூமிகள் எண்ணிக்கையில்லாமல் பெருகிவிட்டன, புது வாசகர் தலை சுற்றிப் போகிறார் என்று பன்னிரண்டு இதழில் ஒரு பெரிய கதை எழுதி, எல்லா உலகங்களையும் இடித்து ஒன்றாக்கினார்கள். பாரி ஆலன் அதில் உயிரை விட்டார். அவர் இடத்துக்கு வந்த வாலி வெஸ்டுக்கு பாரி அத்தை புருஷன், அதாவது மாமா. இதைச் சொன்னபோது அக்கா மகன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. கவனித்து வைத்துக்கொண்டேன்.

இடித்தார்கள் என்றேன். முழுக்க இடிக்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. இடித்த வீடுகளின் தேக்குத் தூண், நிலைக்கதவு, எனாமல் தூக்கு எல்லாம் அங்கே நிற்கும். ஒரு வீட்டில் கழற்றியது இன்னொரு வீட்டில் போய் நிற்கும். காமிக்ஸ் ரீபூட்டும் அதுதான். 1986இல் ஜான் பைர்ன் சூப்பர்மேனை அஸ்திவாரத்திலிருந்து கட்டினார். அடுத்த வருஷம் ஜார்ஜ் பெரெஸ் கையில் வொண்டர்வுமன் அதேபோல் புதிதாக எழுந்தாள். பேட்மேனோ பெரும்பாலும் பழைய தூண்களோடேயே நின்றார். 2011இல் டிசி மறுபடியும் எல்லா இதழையும் நிறுத்தி 52 புது இதழ்களை முதல் எண்ணோடு தொடங்கியது. அப்போதும் பேட்மேனுக்குப் பெரிய சேதாரமில்லை. சூப்பர்மேனுக்கு 1996இல் நடந்த கல்யாணம் காணாமல் போனது. 2016இல் பழைய சூப்பர்மேனே மனைவியோடும் ஒரு மகனோடும் திரும்பி வந்துவிட்டார்.

அதனால் 'பழசு செல்லாது' என்பது எப்போதும் அரை உண்மைதான். கம்பெனி எதைத் தள்ளினாலும், ரொம்ப நாள் நேசித்த வாசகர்களில் சிலர் பின்னாளில் எழுத்தாளர் ஆகிறார்கள். ஆனதும் முதல் வேலையாக அலமாரியிலிருந்து பழையதை எடுத்துத் தூசி தட்டுகிறார்கள்.

பிரித்து வைத்துக்கொள்ள வேண்டியது: ரீலாஞ்ச் எண்ணை மாற்றும், கதையை மாற்றாது. ரீபூட் கதையை மாற்றும், அதுவும் முழுக்க இல்லை. அட்டையில் இருக்கும் 1 என்ற எண் இதில் எது என்று உங்களுக்குச் சொல்லாது.

அப்படியானால் எங்கே நுழைவது

எண்ணைப் பார்க்காதீர்கள், எழுத்தாளர் மாறுகிற இடத்தைப் பாருங்கள். நல்ல ஏஜெண்டு முதல் பக்கத்திலேயே முன்பாக்கியைச் சொல்லிவிடுவார்.

வால்டர் சைமன்சன் 1983இல் 'தோர்' 337ஆம் இதழிலிருந்து எழுதி வரைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்தால் 336 இதழ் பாக்கி இருப்பது போலப் பயமாக இருக்கும். தேவைப்படுவது ஒரே ஒரு விஷயம்: தகுதி உள்ளவர் மட்டும்தான் தோரின் சுத்தியலைத் தூக்க முடியும். அதை வைத்துக்கொண்டு முதல் இதழிலேயே குதிரை முகம் கொண்ட வேற்றுக்கிரகத்து ஆள் ஒருவர் வந்து அலாக்காகத் தூக்குகிறார். இதற்கு மேல் யாருக்கு என்ன முன்கதை வேண்டும்? இன்னொன்று, 2012இல் மேட் ஃப்ராக்‌ஷன் எழுதி, பெரும்பாலும் டேவிட் அஹா வரைந்த 'ஹாக்ஐ'. இருபத்திரண்டே இதழ்கள். அவெஞ்சர் வேலை இல்லாத நாட்களில் வில்வீரர் ஹாக்ஐ தன் அடுக்குமாடிக் குடித்தனக்காரர்களுக்காக ரவுடிகளோடு மல்லுக்கட்டுவதுதான் கதை. ஓர் இதழ் முழுக்க அவருடைய நாயின் பார்வையில் நடக்கும்.

தனித்தனி இதழ்களைத் தேடி அலையவும் வேண்டாம். ஓர் இதழில் கதை இருபது பக்கத்துக்குச் சற்று மேலே இருக்கும். ஐந்தாறு இதழைச் சேர்த்துக் கட்டிய புத்தகத்துக்கு ட்ரேட் பேப்பர்பேக் என்று பெயர். ஒரு ரன்னையே தலையணை அளவுக்குக் கட்டினால் அது ஆம்னிபஸ். நம் ஊர்ப் பேருந்து இல்லை. முதுகில் எழுத்தாளர் பெயர் மாறாமல் வருகிறதா என்று பார்த்து வாங்கினால் என் மாதிரி கல்லறையில் போய் நிற்க வேண்டியிருக்காது. நான் வாங்கியது, பின்னால் விசாரித்ததில், ஒரு ஈவென்ட்டின் நடுத்துண்டு. எல்லா நாயகர்களும் எல்லா இதழ்களிலும் ஒரே சண்டையைப் போடும் திருவிழாவுக்கு ஈவென்ட் என்று பெயர். திரும்பி வருகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அக்கா மகனுக்கு ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் செய்த முதல் முப்பத்தெட்டு இதழ்களைச் சொன்னேன், 1963இன் ஒன்றாம் நம்பரிலிருந்து. எனக்கு நான் எடுத்துக்கொண்டது 2024இல் ஜோனதன் ஹிக்மன் எழுத ஆரம்பித்த 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்'. வேறு விலாசத்துப் பீட்டர். மனைவி மேரி ஜேன், இரண்டு பிள்ளைகள், லேசாகத் தாடி. அதற்கெல்லாம் பிறகுதான் சக்தியே கிடைக்கிறது. கல்யாணம் ஆனால் கதைக்கு வயதாகிவிடும் என்று சொன்னவர்கள் இதைப் படித்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்று சாயங்காலம் அக்கா பரணிலிருந்து என் பழைய தகரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தாள். மேலே ராணி காமிக்ஸ், அடியில் முத்து காமிக்ஸ். அவன் இரண்டு இதழைக் கையில் எடுத்து வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒன்றில் முகமூடி போட்டு, மண்டையோட்டு மோதிரம் மாட்டிய மாயாவி. இன்னொன்றில் மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரிகிற மாயாவி.

"மாமா, இவரை எந்த வருஷம் ரீபூட் பண்ணாங்க?"

"டேய், அது ரீபூட் இல்ல. இவரு அமெரிக்காக்காரர் படைச்ச ஃபேன்டம், 1936. அவரு இங்கிலாந்துல வந்த ஸ்டீல் க்ளா, 1962. ஆளுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே கிடையாது. தமிழ்ல ரெண்டு பேருக்கும் ஒரே பேர வச்சுட்டாங்க."

"அப்ப சின்ன வயசுல உங்களுக்குக் குழம்பலையா?"

குழம்பியதாக நினைவே இல்லை.